ஒரே ஈட்டில் இரண்டு டிஸ்க்

ஜூலை 4, வெள்ளி

இரண்டு ஹார்ட் டிஸ்குகளும் இன்று வந்து சேர்ந்தன. இவற்றைத் தேர்ந்தெடுப்பதற்காக இணையத்தில் நான் வாசிக்காத விமர்சனம் இல்லை. எது சீக்கிரம் சாகும், எது சூடு தாங்கும், எந்தக் கம்பெனி வாரண்டியில் இழுத்தடிக்காமல் மாற்றித் தரும் என்று அட்டவணை போட்டேன். அட்டவணைக்கு வண்ணமும் பூசினேன். “நம்ம மாப்பிள்ளையைப் பத்தி நீங்க இவ்வளவு விசாரிக்கலியே” என்றாள் என் மனைவி வடிவு. உண்மைதான். மாப்பிள்ளை வீட்டில் நான் கேட்டது ஒரே கேள்வி: வீட்டுக்கு யூபிஎஸ் உண்டா?

பாளையங்கோட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் வாத்தியார் நான். எங்கள் நூலகத்தின் பின்னறையில் பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறோம். ஊரிலுள்ள எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து கேட்பார்கள். வாசிப்பது தன்னார்வலர்கள். அதைப் பத்திரமாக வைத்திருப்பது நான். நானும் ஒருசில பாடங்கள் வாசித்திருக்கிறேன், அதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

ஒரே கம்பெனி, ஒரே கடை, ஒரே நாள். வரிசை எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. ஒரு பெட்டிக்குள் இரண்டையும் சொருகிவிட்டால், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாக எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். இனி நிம்மதி.

ஜூலை 7, திங்கள்

ஆறு வருட வாசிப்பு முழுவதும் புதுப் பெட்டிக்கு மாறிவிட்டது. பழைய கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்து ஆபீஸில் ஒப்படைத்தேன். அழிப்பதற்கு முன் எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். நான் அப்படிப்பட்டவன்.

மூன்று பிரதி இருக்க வேண்டும், அதில் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று இரண்டாம் வருட மாணவர்களுக்கு நான்தான் பாடம் நடத்துகிறேன். அது பாடம்.

ஜூலை 9, புதன்

எவனோ கொண்டுவந்த பென்டிரைவில் வைரஸ். அவனைக் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். கொஞ்சம் என்றால், நூலகர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு. பிறகு பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன்: ‘பென்டிரைவ் அனுமதி இல்லை. பதிவுகளைப் பிரதி எடுக்கக் கூடாது. இங்கேயே அமர்ந்து கேட்கவும்.’

மாலையில் இசக்கியம்மாள் வந்தாள். எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறவள். பிறவியிலேயே பார்வை கிடையாது, பதிலாக நாக்கு. சுவரில் ஏதோ ஒட்டியிருப்பதாக நூலகர் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

“யாரு படிக்கதுக்கு சார் ஒட்டியிருக்கிய?” என்றாள்.

வாசித்துக் காட்டினேன். “சரி சார்” என்றாள். அவள் “சரி சார்” என்று சொல்வது அபூர்வம்.

ஜூலை 17, வியாழன்

இந்தப் பிள்ளைகளின் போன்களில் சார்ஜே நிற்பதில்லை. அறைக்குள் நுழைந்ததும் “கம்ப்யூட்டர்ல சார்ஜ் போட்டுக்கிடட்டுமா சார்?” என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மலிவு விலைப் போன்கள், பேட்டரி அவ்வளவுதான் உழைக்கும். நாலு ஒயர் கூடுதலாக வாங்கிப் போட்டேன். முகங்களில் என்ன மகிழ்ச்சி! சின்ன உதவிக்கு எவ்வளவு நன்றி காட்டுகிறார்கள்.

ஜூலை 24, வியாழன்

ஞானசௌந்தரி டீச்சர் வந்திருந்தார். வரலாற்றுப் பாடங்கள் முழுவதும் அவர் வாசித்ததுதான். ஓய்வு பெற்ற மறுவாரமே வந்து மைக் முன்னால் உட்கார்ந்தவர். போர் என்றால் குரலில் குதிரை ஓடும், ஒப்பந்தம் என்றால் பேனா கீறும். போன வருடம் தொண்டையில் புற்று. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். குரல் இல்லை. கழுத்தில் ஒரு துணி கட்டி, கையில் சிலேட்டுடன் வருகிறார். புதிதாக வாசிக்க வருகிறவர்கள் தப்பு செய்தால் மேஜையைத் தட்டுகிறார்.

கிளம்பும்போது சிலேட்டில் எழுதிக் காட்டினார்: “புதுப் பெட்டி பத்திரம்தானே?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அட்டவணையைக் காட்டினேன். வண்ணத்தைப் பாராட்டினார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெட்டிக்குள் பல்லி கத்துகிறது என்று நினைத்தேன். பல்லி இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இரட்டையரில் ஒருவர் காலமானார். சிவப்பு விளக்கு எரிகிறது. புதுப் பெட்டிக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. எனக்குப் பதற்றம் இல்லை, இதற்காகத்தானே இரண்டு வாங்கினேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது. காப்பீடு எடுத்தவன் வீட்டில் திருடன் வந்தால் வருகிற பெருமை.

கஸ்டமர் கேரை அழைத்தேன். ஒரு பெண் மிகுந்த அன்போடு, டிஸ்கை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னாள். போட்டேன். ஒயரை மாற்றச் சொன்னாள். மாற்றினேன். வேறு கம்ப்யூட்டரில் சொருகச் சொன்னாள். அங்கேயும் பல்லி கத்தியது. சத்தத்தைப் போனில் கேட்கவைத்தேன். “சார், இது எங்கள் டிஸ்கின் இயல்பான சத்தம் இல்லை” என்றாள். நானும் அவளும் முதல்முறையாக ஒத்துப்போனோம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பில் வேண்டும், வரிசை எண்ணின் புகைப்படம் வேண்டும், வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியிலேயே அனுப்ப வேண்டும். அட்டைப்பெட்டியை வடிவு கொலு பொம்மைக்கு எடுத்துப் பரணில் வைத்திருந்தாள். உள்ளே செட்டியாரும் செட்டிச்சியும் இருந்தார்கள். அவர்களை வெளியேற்றிவிட்டு டிஸ்கைக் குடிவைத்துக் கூரியரில் அனுப்பினேன்.

மற்ற டிஸ்க் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்று வரும்வரை வேறெங்காவது ஒரு பிரதி எடுத்து வைக்கலாமா என்று தோன்றியது. மாற்றுதான் வரப்போகிறதே.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாற்று டிஸ்க் வந்துவிட்டது. புதியது அல்ல. யாரோ பயன்படுத்தித் திருப்பி அனுப்பியதைச் சரிசெய்து, ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று பச்சை லேபிள் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். புதிய ஒன்றைக் கொடுத்தவனுக்குப் பழையது ஒன்று. கஸ்டமர் கேரில் கேட்டால் வாரண்டி விதியில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். விதியை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. எல்லா விமர்சனங்களையும் வாசித்தவன் இதை மட்டும் வாசிக்கவில்லை.

லேபிளைப் பார்த்து நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் மாற்று டிஸ்கைச் சொருகினேன். உயிரோடு இருக்கும் டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்துத்தான் பெட்டி புதியதில் எழுதும். அது படிக்கப் படிக்கச் சூடானது. மதியம் அதுவும் பல்லியாகிவிட்டது.

ஆகஸ்ட் 23, சனி

வடிவிடம் சொன்னேன். இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்தவை, அதனால் ஒரே குறை இரண்டிலும் இருந்திருக்கிறது என்று விளக்கினேன்.

“ஒரே ஈட்டு இட்லில்லா. ஒண்ணு புளிச்சா மத்தது புளிக்காதா?” என்றாள்.

கம்ப்யூட்டர் துறையில் இதைச் சொல்லப் பெரிய பெரிய கட்டுரைகள் எழுதுகிறார்கள். அவற்றையும் நான் வாசித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

முதலில் அனுப்பிய டிஸ்கைத் திருப்பிக் கொடுங்கள், வாரண்டியே வேண்டாம் என்று கஸ்டமர் கேரில் மன்றாடினேன். அதே பெண். விசாரித்துவிட்டுப் பெருமையோடு சொன்னாள்: “கவலையே வேண்டாம் சார். உங்கள் தகவல்களின் பாதுகாப்பு கருதி அந்த டிஸ்கை முழுமையாக அழித்துவிட்டோம்.”

நன்றி சொன்னேன். பழக்கதோஷம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

செத்த இரண்டாவது டிஸ்கை என்ன செய்வது? வாரண்டிக்கு அனுப்பினால் இன்னொரு பச்சை லேபிள் வரும், உள்ளே இருப்பது போய்விடும். தகவல் மீட்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்தால் டிஸ்கைப் பிரிப்பார்கள், பிரித்தால் வாரண்டி போய்விடும். அந்த டிஸ்குக்குள் இருப்பது டீச்சரின் குரல். மற்றதை யாராவது மறுபடி வாசித்துவிடலாம்.

சென்னைக்கு அனுப்பினேன்.

பெட்டி ‘பராமரிப்பில்’ இருப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். இன்று டீச்சர் வந்திருந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். சிலேட்டை எடுக்கப் போனார். எனக்கு அவசரமாக ஒரு வகுப்பு இருப்பது நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமை மாலையில் எனக்கு வகுப்பு கிடையாது. அது டீச்சருக்கும் தெரியும்.

செப்டம்பர் 4, வியாழன்

டீச்சர் வரும் நேரத்தில் நான் லேப் ஸ்டோர் ரூமில் எலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

சென்னையிலிருந்து பதில். டிஸ்கின் பரப்பில் கீறல் விழுந்திருக்கிறது. ஒரு பதிவைக்கூட மீட்க முடியாது. கீறலின் புகைப்படத்தையும் அனுப்பியிருக்கிறார்கள். வட்டமாக, அழகாக, கிராமபோன் தட்டு மாதிரி இருக்கிறது.

சாப்பிடவில்லை. வடிவு தட்டை எடுத்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

இசக்கியம்மாளுக்கு அக்டோபரில் தேர்வு. பெட்டி இல்லாமல் என்ன செய்வாள் என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவளோ சாவகாசமாக வந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, அறையில் உட்கார்ந்து முறுக்கு தின்கிறாள். பாட்டுக் கேட்கிறாள் போல. மற்றவர்களும் அப்படித்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பின் மேல் அக்கறை இல்லை என்று நினைத்தேன். பிறகு, என் மேல் உள்ள நம்பிக்கையால்தான் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று தோன்றியது. அது இன்னும் மோசமாக இருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். வகுப்பு நடத்துவது போல ஆரம்பித்தேன். டிஸ்க் எப்படி வேலை செய்கிறது, கீறல் எப்படி விழுகிறது என்று விளக்கிக்கொண்டே போனேன். நடுவில் நிறுத்திவிட்டேன். பிறகு சுருக்கமாகச் சொன்னேன். ஆறு வருட வாசிப்பும் போய்விட்டது. டீச்சரின் குரல் போய்விட்டது. முட்டாள்தனம் என்னுடையது. பிரதி எடுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நான் எடுக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களுக்குள் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். யாரோ இசக்கியம்மாளை இடித்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

“சார், ஒண்ணு சொல்லுதேன். ஏசக் கூடாது.”

“ஏச எனக்கென்னம்மா தகுதி இருக்கு?”

“எல்லாப் பதிவும் எங்க போன்ல இருக்கு சார்.”

எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன்.

“சார்ஜ் போடுதோம்னு சொன்னோம்லா. சார்ஜும்தான் ஏறுச்சு.”

என் கம்ப்யூட்டரில், என் ஒயரில், என் கண்ணெதிரே பிரதி எடுத்திருக்கிறார்கள். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அவர்கள் காதுக்குள் மட்டும் பேசும், நான் எதைக் கண்டேன்? வரலாறு ஒருத்தியிடம், தமிழ் ஒருவனிடம், பொருளாதாரம் வேறொருவனிடம், பிறகு ஆளுக்காள் பரிமாறிக்கொண்டு, பஸ்ஸிலும் விடுதியிலும் கேட்டிருக்கிறார்கள். என் ஒலிப்பதிவுகளைச் சுருக்கி, தரத்தைக் குறைத்து, மெமரி கார்டில் அடைத்திருக்கிறார்கள். சாதாரண நாளில் கேள்விப்பட்டிருந்தால் என்ன ஆட்டம் ஆடியிருப்பேன்.

“முன்னாலேயே ஏம்மா சொல்லல?”

“அன்னைக்கு அந்தப் பையன நீங்க ஏசுனது இன்னும் எங்க காதுல இருக்கு சார். பராமரிப்புன்னு நீங்க சொன்னதையும் நம்பிட்டோம். பெட்டி செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தந்திருப்போம்.”

நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியாத ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது. பார்வையில்லாதவர்களிடம் முகத்தை மறைக்கலாம், சத்தத்தை மறைக்க முடியாது. ஒரு பையன் தண்ணீர் பாட்டிலைத் தடவி எடுத்து என் பக்கம் நீட்டினான். வைரஸ் பையன்.

செப்டம்பர் 18, வியாழன்

போன் போனாகச் சேகரித்துக்கொண்டிருக்கிறேன். கோப்புகளுக்கு நான் வைத்திருந்த ஒழுங்கான பெயர்கள் ஒன்றுகூட இல்லை. ‘குதிரை டீச்சர் 4’, ‘இருமல் சார்’, ‘மழை பெய்யுத பாடம்’ என்றிருக்கின்றன. எதை எங்கே சேர்ப்பது என்று கேட்டால் முதல் வரியைக் கேட்டதுமே சொல்லிவிடுகிறார்கள்.

செப்டம்பர் 20, சனி

சேகரிப்பு முடிந்தது. அநேகமாக எல்லாம் கிடைத்துவிட்டன. அடியோடு காணாமல் போனவை ஒரே ஒருவர் வாசித்த பாடங்கள். நான் வாசித்தவை. அவற்றை யாரும் பிரதி எடுக்கவில்லை.

எதனால் என்று இசக்கியம்மாளிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள். என்னுடையதில் ஒன்று, ‘கணினியின் தலைமுறைகள்’, தன்னிடம் இருக்கிறது என்றாள். மனம் குளிர்ந்தது. எந்தத் தேர்வுக்கு என்று கேட்டேன்.

“தேர்வுக்கு இல்ல சார். உறக்கம் வராட்டா போடுவேன்.”

வாங்கி அதையும் சேர்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

புது டிஸ்க் வாங்கினேன். வேறு கம்பெனி, வேறு கடை. அட்டவணை போடவில்லை. கடைக்காரரிடம், “உங்க வீட்ல எது வச்சிருக்கிய?” என்று கேட்டு அதையே வாங்கினேன். ஒரு பிரதி அதில், ஒன்று பச்சை லேபிள் டிஸ்கில். நான் திட்டிய அந்தப் பழசு இத்தனை நாளும் ஒரு முனகல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பிரதி எங்கள் வீட்டு பீரோவில். மற்றவை பிள்ளைகளின் போன்களில், அவர்கள் இஷ்டம்போல.

சுவரில் ஒட்டியதைக் கிழித்தேன். யாரும் கவனிக்கவில்லை. ஒட்டியபோதும் யாரும் கவனிக்கவில்லை.

இனி டீச்சரிடம் சொல்ல வேண்டும். பதிவுகள் கிடைத்துவிட்டனவே, இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து எனக்கு நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன். வாதம் பலமாகத்தான் இருக்கிறது. வடிவு கேட்டுவிட்டு, “சட்டையை மாத்திட்டுப் போயிட்டு வாங்க” என்றாள். இன்று போகவில்லை.

செப்டம்பர் 27, சனி

காலையில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். தனியாகப் போக தைரியம் இல்லாமல் இசக்கியம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். யாருக்கு யார் வழிகாட்டினோம் என்பது சந்தேகம்.

டீச்சர் காப்பி கொடுத்தார். குடிக்காமல், முதலிலிருந்து சொன்னேன். டிஸ்க் செத்தது, பராமரிப்பு என்று பொய் சொன்னது, அவர் வரும்போதெல்லாம் ஒளிந்துகொண்டது. டீச்சர் சிலேட்டைத் தொடவில்லை. தன் கழுத்துத் துணியின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டம்ளரைப் பார்த்துப் பேசினேன்.

பிறகு இசக்கியம்மாள் போனை மேஜையில் வைத்து ஒரு பதிவைப் போட்டாள்.

வேலூர்க் கோட்டைச் சிப்பாய்களின் கலகம். சுருங்கிய, தகரம் மாதிரியான ஒலிதான். ஆனால் அவர் குரல். கோட்டைக் கதவு திறக்கிறது, காலடிகள் ஓடுகின்றன. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் கூடவே அசைந்தன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தன் குரலை அவர் கேட்டதே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேட்கத் தோன்றவில்லையா, பயமா, தெரியாது. கண்களில் நீர் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

திடீரென்று மேஜையைத் தட்டினார். இசக்கியம்மாள் நிறுத்தினாள். டீச்சர் சிலேட்டை இழுத்து வேகமாக எழுதி என் முன்னால் நீட்டினார்.

“என்ன எழுதியிருக்காவ?” என்றாள் இசக்கியம்மாள்.

நான் வாசித்தேன். “ஆண்டு தப்பு. 1806. நான் 1809 என்று வாசித்திருக்கிறேன். அவமானம். இதை அழித்துவிடுங்கள்.”

“சார், டீச்சர் எழுதுனதக் கொஞ்சம் உயிரோட வாசிங்க. தந்தி வந்த மாதிரி வாசிக்கிய.” பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள். “அழிக்க முடியாது டீச்சர். எங்க எல்லார் போன்லயும் இருக்கு. யார் யாருக்கு அனுப்புனோம்னு எங்களுக்கே தெரியாது. ஆனா அந்த எடத்துல தப்புன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். பரீட்சைல சரியாத்தான் எழுதுவோம்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையை அழிக்க இனி என்னாலும் முடியாது, கம்பெனியாலும் முடியாது.

டீச்சரின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பயந்துபோய் எழுந்தேன். சிரிக்கிறார். சத்தமே இல்லாமல், வாய் திறந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சத்தம் இல்லாததால் இசக்கியம்மாளுக்குத் தெரியவில்லை. “என்ன சார் ஆச்சு, என்ன சார்?” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “டீச்சர் சிரிக்காவம்மா” என்றேன். அவளும் சிரித்தாள்.

டீச்சர் கண்ணைத் துடைத்துவிட்டு, சிலேட்டை முந்தானையால் அழித்து, இரண்டு வார்த்தை எழுதி என்னிடம் திருப்பினார். நான் வாயைத் திறக்கும் முன் விரலை உயர்த்தி எச்சரித்தார்: ஒழுங்காக வாசி.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பின் கடைசி வரிசைவரை எட்டும்படி, அவர் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படி வாசித்தேன்.

“அடுத்த பாடம்.”

இசக்கியம்மாள் போனைத் தட்டினாள்.